சேமக்கலம் பேணல்

வானொலி அலைகளால் இயக்கும் சிறு விமானங்களுக்கு உயிர்நிலையாவது லிதியம் சேமக்கலம். காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தாரும் லிதியக் கலங்களை ஆராய்ந்து வருகின்றனர். எனினும், நாம் வாங்கிய கலத்தின் ஆயுள் பெரிதும் நம் கையிலேயே உள்ளது.

முழுதும் மின்னேற்றிய கலத்தின் அழுத்தம் 4.2 வோல்ட்டு. அது 3 வோல்ட்டுக்குக் கீழிறங்கின் கொள்திறன் கெடும்; மிகத் தாழ்ந்தால் உள்ளிருக்கும் செம்புத் தகடே கரையும். நிறைத்து நெடுநாள் வைப்பினும் கேடே. கலத்தினுள் வேண்டாத இரசாயன மாறுதல்கள் மிகும். வெப்பம் அவற்றை விரைவுபடுத்தும். ஆதலின், விடுமுறைக்குச் செல்லுங்கால் 3.8 வோல்ட்டளவில் குளிர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும்.

கருணாபுரத்துச் சித்திரை வெயிலில் பறந்து சூடேறிய கலத்தை, ஆறிய பின்னரே மின்னேற்றுதல் நன்று. அப்பொழுது அருகிருந்து காத்தலும் வேண்டும். உப்பிய கலம் தீப்பற்றக்கூடும். விலை கருதி அதனை மீண்டும் வழங்குதல் நமக்குத் தகாது.