நெளியும் கண்ணாடிக்கு ஒரு சோதனை

சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், 2,635 மீட்டர் உயரமுள்ள பரனால் மலை உச்சியில் யெபுன் என்ற தொலைநோக்கி இருக்கிறது. அதன் முதன்மைக் கண்ணாடியின் விட்டம் 8.2 மீட்டர். அவ்வளவு பெரிய கண்ணாடி மங்கலான விண்மீன்களின் ஒளியை அள்ளிச் சேர்க்கும். ஆனால் நுணுக்கங்களைப் பிரித்துக் காட்டுவதில், எந்தத் திருத்தமும் இல்லாவிட்டால், அது 20 சென்டிமீட்டர் தொலைநோக்கியைத் தாண்டுவதில்லை!

காரணம், காற்று. நண்பகல் வெயிலில் தார்ச்சாலைக்கு மேலே காட்சிகள் நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். விண்மீன் ஒளியும் வளிமண்டலத்தில் அப்படித்தான் நெளிகிறது. அந்த நெளிவை அளந்து, கண்ணாடியை அதற்கேற்ப வளைத்துச் சரிசெய்வதே தகவமைப்பு ஒளியியல். அமெரிக்க வானியலாளர் ஹோரஸ் பாப்காக் 1953இலேயே இதைச் சொல்லிவிட்டார். ஆனால் போதிய வேகமுள்ள கணினி அன்று ஏது?

2016 இறுதியில் யெபுனின் பழைய துணைக் கண்ணாடி கழற்றப்பட்டது. அதனிடத்தில் வந்த புதியது 1.12 மீட்டர் அகலம். தடிப்போ சுமார் 2 மில்லிமீட்டர்தான். அதன் முதுகில் 1,170 காந்தங்கள். மின்காந்தச் சுருள்கள் அவற்றை இழுத்தும் தள்ளியும், நொடிக்கு 1,000 முறை வரை கண்ணாடியின் வடிவத்தை மாற்றுகின்றன.

நெளிவை அளக்கப் பிரகாசமான விண்மீன் வேண்டும். வேண்டிய திசையிலெல்லாம் அது கிடைக்காது. அதனால் 22 வாட் லேசர்கள் நான்கு வானை நோக்கிப் பாய்கின்றன. சுமார் 90 கிலோமீட்டர் உயரத்தில், எரிந்துபோன விண்கற்கள் விட்டுச்சென்ற சோடியம் அணுக்கள் அந்த ஒளி பட்டு மஞ்சளாக ஒளிர்கின்றன. அவைதான் செயற்கை விண்மீன்கள்.

எல்லாவற்றையும் பொருத்தியாயிற்று. உடனே பயன்படுத்தலாமா? முடியாது. என்னைக் கேட்டால், உண்மையான சவால் இங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வோர் உணரியும் வந்துசேரும் ஒளியை 40க்கு 40 கட்டங்களாகப் பிரித்து அளக்கிறது. எந்தக் காந்தம் அசைந்தால் எந்தக் கட்டம் மாறும் என்பது கணினிக்குத் துல்லியமாகத் தெரிய வேண்டும். ஜெர்மனியின் கார்ஷிங் நகர ஆய்வுக்கூடத்தில் கண்ணாடி முன்கூட்டியே சோதிக்கப்பட்டிருந்தது. ஆனால் மலைமேல் தொலைநோக்கி சாய்கிறது, சுழல்கிறது; கருவிகளின் இருப்பிடம் இம்மியளவு நகர்கிறது. பொருத்தம் தவறினால் கண்ணாடி தவறான இடத்தில் வளையும். திருத்தம் செய்யாத படமே மேல் என்றாகிவிடும். ஆகவே பொறியாளர்கள் உண்மையான வானத்தைப் பார்த்தே அந்த நகர்வை அளந்து, கணினியின் கணக்கைத் திருத்த வேண்டியிருந்தது.

2017இல், மியூஸ் என்ற கருவியுடன் அகன்ற பார்வையில் முதல் வெற்றி. 2018இல் குறுகிய பார்வைக்கு நெப்டியூன் கோளைத் தேர்ந்தெடுத்தார்கள். 400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அந்தக் கோள், ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களோடு போட்டிபோடும் கூர்மையுடன் பதிவானது. ஒரே குறை: இந்த முறையில் தெரியும் வானம் மிகச் சிறியது, முழுநிலவின் அகலத்தில் ஏறக்குறைய 240இல் ஒரு பங்குதான். நெப்டியூன் அதற்குள் தாராளமாக அடங்கிவிட்டது.