மீட்டரை எட்ட முடியாதவருக்கு எது நியாயம்?

சாலையோரம் காரை நிறுத்தக் காசு வாங்கும் வழக்கத்தை 1935 ஜூலை 16 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டி தொடங்கி வைத்தது. கார்ல் மேகி என்ற பத்திரிகை ஆசிரியரின் யோசனை அது. கட்டணம் மணிக்கு 5 சென்ட். கம்பத்தின் உச்சியில் ஒரு பெட்டி, அதில் நாணயம் போட ஒரு துளை. நிற்கவும் கையை உயர்த்தவும் முடிகிறவர்களை மட்டுமே நினைத்துச் செய்த கருவி அந்த மீட்டர்.

பின்னாளில் மாற்றுத்திறனாளிகளுக்குப் பல மாநிலங்கள் மீட்டர் கட்டணத்தை விட்டுக்கொடுத்தன. கலிஃபோர்னியாவில் ரியர்வியூ கண்ணாடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான நீல அட்டை தொங்கினால் போதும், எந்த மீட்டரிலும் பணம் கட்ட வேண்டாம், நேர வரம்பும் கிடையாது. நல்ல மனத்தோடு தந்த சலுகைதான். ஆனால் பார்க்கிங் விலை ஏற ஏற, அந்த அட்டைக்கும் ஒரு விலை வந்துவிட்டது. 1999-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் யுசிஎல்ஏ பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து வீரர்களும் முன்னாள் வீரர்களுமாக 19 பேர், பொய்க் காரணம் காட்டி அட்டை வாங்கியதாக வழக்கில் சிக்கினார்கள். மைதானத்தில் ஓடி விளையாடும் இளைஞர்கள்! அதே நகரின் ஃபிளவர் தெருவில், மணிக்கு 4 டாலர் வசூலிக்க வேண்டிய மீட்டர்களுக்குக் கிடைத்தது மணிக்கு 28 சென்ட்தான் என்று அதே பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் எழுதினார். நாள் முழுக்க அட்டை வைத்த கார்களே இடத்தைப் பிடித்திருந்தால், உண்மையிலேயே நடக்க முடியாதவர் எங்கே நிறுத்துவார்?

மிச்சிகன் இதற்கு 1995-லேயே வழி கண்டது. மீட்டரை இயக்க முடியாத அளவுக்கு உடல்நிலை உள்ளவருக்கு மட்டும் இலவசம் என்று சட்டத்தை மாற்றியது. அதற்கு முன் சுமார் 5 லட்சம் பேரிடம் இலவச அட்டை இருந்தது; புதிய விதிப்படி விண்ணப்பித்தவர்கள் 10 ஆயிரம் பேர்தான்.

சிகாகோவின் கதையில் பணத்தின் வாடை கூடுதல். 2008-ல் அந்நகரம் தன்னுடைய சுமார் 36 ஆயிரம் மீட்டர்களை 75 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு தனியார் நிறுவனத்திடம் கொடுத்து, ஏறக்குறைய 115 கோடி டாலர் வாங்கிக்கொண்டது. அட்டைதாரர்கள் இலவசமாக நிறுத்துவதால் குறையும் வருமானத்துக்கு நகராட்சியே ஈடு தர வேண்டிய நிலை வந்தது. சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலமும் விதியை இறுக்கியது. 2014 ஜனவரி 1 முதல் சாதாரண நீல அட்டைக்கு மீட்டர் விலக்கு இல்லை. மஞ்சளும் சாம்பலும் கலந்த தனி அட்டைக்கு மட்டுமே உண்டு.

அதைப் பெறும் நிபந்தனைகள் கவனமாக எழுதப்பட்டவை. இரு கைகளும் சரியாக இயங்காமல் நாணயமோ சீட்டோ கையாள முடியாதவர், தரையிலிருந்து 42 அங்குலத்துக்கு மேல் கை எட்டாதவர், சக்கர நாற்காலி போன்ற சாதனத்தால் மீட்டரை நெருங்க முடியாதவர், 20 அடிக்கு மேல் நடக்க இயலாதவர் ஆகியோருக்கே அந்த அட்டை. குத்தகைக் கணக்கு பின்னால் இருந்தாலும், அளவுகோல் சரியானது.

சக்கர நாற்காலியில் வருபவர் தெருவோரம் காரை நிறுத்திப் பணம் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வண்டிகள் விரையும் பக்கமாகக் கதவைத் திறந்து இறங்க வேண்டும். நடைபாதை மேல் ஏறச் சரிவு தெருமுனையில்தான் இருக்கும். அதுவரை சாலையிலேயே உருட்டிப் போய், ஏறி, கட்டண இயந்திரத்தைத் தேடி வர வேண்டும். சீட்டு வாங்கி டாஷ்போர்டில் வைக்கும் முறை என்றால், அதே வழியில் காருக்குத் திரும்ப வேண்டும். கைபேசிச் செயலி வந்த பிறகு இந்த அலைச்சல் பலருக்குக் குறைந்திருக்கிறது. விரல்கள் ஒத்துழைக்காதவருக்கு அதுவும் உதவாது.

ஓரிகானின் போர்ட்லாந்து 2014 ஜூலையில் இலவசத்தை நிறுத்தியபோது, சக்கர நாற்காலிக்கான தனி அட்டை உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கை வைத்துக்கொண்டது. தலைநகர் வாஷிங்டன் வேறு வழியில் போனது. அங்கே சிவப்புத் தலை கொண்ட மீட்டர்கள் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. கட்டணம் உண்டு, ஆனால் மற்றவர்களுக்குத் தருவதைப் போல இரண்டு மடங்கு நேரம் கிடைக்கும். மெதுவாக நடப்பவருக்கு வேண்டியது உறுதியான இடமும் கூடுதல் நேரமும்தான் என்பதை உணர்ந்த ஏற்பாடு இது. சில டாலர்களை மிச்சப்படுத்தித் தருவதைவிட இதுவே மேலான உதவி. கையால் மீட்டரை இயக்கவே முடியாதவர்களுக்கு இல்லினாய் தரும் விலக்கையும் இதோடு சேர்த்தால் குறை சொல்ல அதிகம் இருக்காது.

அமெரிக்காவில் வயதான பெற்றோருடன் வசிக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. அட்டை காருக்குச் சொந்தமானதில்லை. யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே உரியது. அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு அவருடைய அட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போவது குற்றம். கலிஃபோர்னியாவில் 250 முதல் 1,000 டாலர் வரை அபராதம். மாநிலம் மாறினால் மீட்டர் விதியும் மாறும். காரை விட்டு இறங்கியதும் கம்பத்தில் உள்ள பலகையை ஒருமுறை படித்துவிடுங்கள்.