வீட்டுப் பழைய ஏ.சி.யை மாற்றுமுன் கணக்குப் பார்ப்போம்

கோடை தொடங்கிவிட்டால் நம் வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பிவிடும். "ஏ.சி. பழசாகிவிட்டது. காற்றுதான் வருகிறது, குளிர் வரவில்லை. இந்த வருஷமாவது மாற்றிவிடலாம்" என்பார்கள் வீட்டார். "ஓடுகிற வரைக்கும் ஓடட்டும்" என்போம் நாம். பகலெல்லாம் கடையில் நின்றுவிட்டு வரும் நமக்கு இரவில் நல்ல தூக்கம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் மாற்றுவதா, பழுது பார்ப்பதா என்பதைச் சலிப்போ விளம்பரமோ முடிவு செய்யக்கூடாது. சரக்கு எடுக்கும்போது பைசா விடாமல் அடக்க விலை பார்க்கும் நாம், வீட்டுச் சாமான் வாங்கும்போது மட்டும் அந்தப் பழக்கத்தை மறந்துவிடுகிறோம்.

மீட்டர்தான் நம் தராசு

பழைய ஏ.சி. எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்பதை நாமே அறியலாம். ஒரு நாள் இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் மீட்டர் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். மறுநாள் ஏ.சி. போடாமல் அதே போலக் குறிக்க வேண்டும். மின்விசிறியும் குளிர்சாதனப் பெட்டியும் இரு இரவும் ஓடுவதால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே ஏ.சி.யின் செலவு.

அது 11 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். புதிய ஏ.சி.யில் ஒட்டியுள்ள நட்சத்திரச் சீட்டில் ஆண்டு மின்செலவு அச்சாகியிருக்கும். அது 1,600 மணி நேரத்துக்கு உரியது. அதாவது தினம் 8 மணி நேரம் வீதம் 200 நாள். சீட்டில் 900 யூனிட் என்றிருந்தால் ஓர் இரவுக்கு ஏறக்குறைய நாலரை யூனிட். மிச்சம் ஆறரை யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று கொண்டால், 200 இரவுக்கு மிச்சம் 9,100 ரூபாய். பொருத்தும் செலவோடு 45,000 ரூபாய் ஆகுமானால் ஐந்தே ஆண்டில் போட்ட முதல் திரும்பிவிடும்.

அதே ஏ.சி.யைக் கோடையில் 60 இரவு மட்டும் போடுகிற வீட்டில் மிச்சம் 2,730 ரூபாய்தான். முதல் திரும்பப் பதினாறு ஆண்டுக்கு மேல் ஆகும். அந்த வீட்டில் நன்றாக ஓடும் பழைய ஏ.சி.யை வயதைக் காட்டி மாற்றுவது வீண். ஆகவே ஏ.சி.யின் வயதைவிட அது ஓடும் இரவுகளின் எண்ணிக்கையே முக்கியம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மிச்சமாகும் யூனிட்டுகள் பில்லின் உச்சப் படியிலிருந்தே கழிகின்றன. எனவே கணக்கில் கடைசிப் படியின் விலையையே போட வேண்டும். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் வந்த வீட்டுக் கட்டணத்தில், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்கும் விலை கூடியது. அத்தகைய எல்லைக் கோட்டில் நிற்கும் வீட்டுக்கு லாபம் இன்னும் அதிகம்.

வாயு தீர்ந்துபோவதில்லை

நம் உறுப்பினர் ஒருவர் மூன்று கோடைகளில் தொடர்ந்து "கேஸ்" நிரப்பினார். மொத்தம் 8,500 ரூபாய் போனது. நான்காம் ஆண்டுதான் உள் யூனிட்டின் சுருளில் ஓட்டை என்று தெரிந்தது. ஏ.சி.யில் உள்ள வாயு அடுப்பு கேஸ் போல எரிந்து தீர்வதல்ல. அது மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள். ஓட்டை டின்னில் எண்ணெய் ஊற்றுவோமா? கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் வாயு நிரப்ப வருபவரைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

மிகப் பழைய ஏ.சி.களில் இருப்பது ஆர்-22 வாயு. அது ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், 1987-இல் ஏற்பட்ட மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி படிப்படியாகக் குறைக்கப்பட்டு வருகிறது. புதிய ஏ.சி.களுக்குரிய ஆர்-32 போன்ற வாயுவைப் பழைய இயந்திரத்தில் நிரப்பக் கூடாது. சுருளிலேயே கசிவு, அல்லது கம்ப்ரஸர் பழுது என்றால் மாற்றுவதே மேல்.

வாங்கும்போது

1. அறையின் அளவு: பொதுவாக 120 சதுர அடி வரை 1 டன், 180 சதுர அடி வரை ஒன்றரை டன் போதும். நேர் மேலே மொட்டை மாடி இருந்தால் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

2. நட்சத்திரம்: அறை ஏ.சி.களுக்கு இது 2010-இல் கட்டாயமாயிற்று. அளவுகோல் 2018-இல் மாறியது. 2022 ஜூலையில் மேலும் கடுமையாயிற்று. எனவே பழைய 5 நட்சத்திரம் புதிய 5 நட்சத்திரத்துக்கு ஈடாகாது. நட்சத்திரத்தை எண்ணுவதோடு நில்லாமல், சீட்டில் உள்ள யூனிட்டையும் படிக்க வேண்டும். குறைந்த நாள் ஓட்டுபவருக்கு 3 நட்சத்திரமே போதும்.

3. பொருத்துதல்: பழைய செப்புக் குழாயையே வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். பழைய ஆர்-22 இயந்திரத்தின் எண்ணெய் வேறு, புதியதின் எண்ணெய் வேறு. புதுக் குழாய் போடுவதே நல்லது. வாயுவைத் திறக்குமுன் வேக்குவம் பம்பு வைத்துக் குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும். அவசரத்தில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அருகில் நின்று பார்த்துச் செய்யச் சொல்ல வேண்டும்.

4. ஒயரிங்: ஏ.சி.க்குத் தனி ஒயர், தனி எம்.சி.பி., சரியான எர்த் வேண்டும். பிளக் கருகியிருந்தாலோ சூடேறினாலோ அதைச் சரிசெய்த பிறகே புதியதை மாட்ட வேண்டும். பணம் போனால் சம்பாதிக்கலாம். தூங்கும் அறையில் தீப்பிடித்தால் என்ன செய்வது?

பில் யார் பெயரில்?

ஏ.சி.க்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. "கடை ஜி.எஸ்.டி. எண்ணில் பில் போட்டால் வரியை எடுத்துக்கொள்ளலாமே" என்று சிலர் யோசனை சொல்வார்கள். சொந்த உபயோகப் பொருளுக்கு வரி வரவு கிடையாது என்று சட்டத்தின் 17(5) பிரிவு தெளிவாகச் சொல்கிறது. தணிக்கையில் வந்தால் வரியையும் வட்டியையும் கட்ட நேரிடும். சில ஆயிரத்துக்காக நம் கணக்குப் புத்தகத்தின் நாணயத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கீழே கடை, மேலே வீடு என்று இருப்பவர்கள் இரண்டின் மின் இணைப்பையும் கலக்காமல் இருப்பதும் இதைப் போன்றதே.

பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கிறோமா, தனியே விற்கிறோமா என்பதையும் விலை கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். உள்ளே இருப்பது செம்பும் அலுமினியமும். கழற்றுமுன் வாயுவை வெளி யூனிட்டில் அடைத்துவிட்டுக் கழற்றச் சொல்ல வேண்டும். குழாயை வெட்டிக் காற்றில் விடுவது தவறு.

இன்றிரவே மீட்டரைக் குறிப்போம். நாளையிரவும் குறிப்போம். இரண்டு நாள் பொறுத்தால் பல்லாயிரம் ரூபாய்ச் செலவு சரியா தவறா என்பது நமக்கே விளங்கிவிடும்.