அச்சமும் சமாதானமும்: பன்யனும் கிருஷ்ண பிள்ளையும்

முன்னுரை

அச்சம் உயிர்கட்கெல்லாம் இயல்பாய் அமைந்ததோர் உணர்ச்சி. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் அதனையும் ஒன்றாக வைத்து எண்ணியதோடு அமையாது, அது பிறக்கும் நிலைக்களன்களையும் நான்காக வகுத்துக் காட்டினார். வருத்தும் தெய்வம், கொடுவிலங்கு, கள்வர், தமக்கு மேலாய தலைவர் என்பன அந்நான்காம். இவற்றுள் முதல் மூன்றும் ஊறு விளைப்பன ஆதலின் அவற்றுக்கு அஞ்சுதல் எளிதில் விளங்குவது. நான்காவது அத்தகையதன்று. தலைவன் முன்னிலையில் எழும் அச்சத்தில் தன் பிழை பற்றிய உணர்வும், அவன் என்ன கருதுவானோ என்னும் ஐயமும் கலந்திருக்கும். வாளால் வெல்லவும் ஓடித் தப்பவும் இயலாத அச்சம் அதுவே.

கிறித்தவ சமய இலக்கியம் அச்சத்தைப் பற்றிப் பேசுமிடத்துப் பெரிதும் இந்நான்காம் அச்சத்தையே கருதுகின்றது. அதனின்று சமாதானம் பிறக்குமாற்றை விரித்துரைத்த நூல்களுள் ஆங்கில நாட்டு ஜான் பன்யன் 1678-இல் வெளியிட்ட யாத்திரிகன் கதை தலைசிறந்த ஒன்று. எச். ஏ. கிருஷ்ண பிள்ளை அதனைத் தழுவி யாத்த இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் வெளிவந்தது. நம்பிக்கையும் வேதமும் அச்சத்தை மாற்றும் வகை இவ்விரு நூல்களிலும் எவ்வாறு அமைந்துள்ளது என்பதே இக்கட்டுரையின் ஆய்பொருள்.

சொற்பொருள் ஆய்வு

விவிலியத்தில் அச்சம் என்னும் சொல் ஒருதன்மைத்தாய் வழங்கவில்லை. ஆண்டவனுக்கு அஞ்சுதல் ஞானத்தின் தொடக்கம் எனப் பழைய ஏற்பாட்டு நீதிமொழிகள் கூறும். நிறைந்த அன்பு அச்சத்தைப் புறம்பே தள்ளும் எனப் புதிய ஏற்பாட்டில் யோவானின் முதல் திருமுகம் கூறும். இவை முரணுவன போலத் தோன்றும். ஆயின் பின்னதில் விலக்கப்படுவது தண்டனை கருதி நடுங்கும் அச்சம் என்பது அவ்விடத்திலேயே குறிக்கப்பட்டுள்ளது. முன்னது பெரியோனைப் பெரியோன் என உணர்ந்து அடங்கும் நிலை. தமிழ்க் கிறித்தவர் வழக்கிலுள்ள 'பயபக்தி' என்னும் தொடர் இவ்வேறுபாட்டைச் செவ்விதின் உணர்த்துகின்றது. பழி பாவங்கட்கு அஞ்சுதலை அறிவின்பாற் படுத்திய வள்ளுவர் கருத்தும் இதனோடு ஒத்துச் செல்வதே.

மாற்கு நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில் வரும் கடற்புயல் நிகழ்ச்சி இவ்விருவகை அச்சத்தையும் ஒருங்கே காட்டும். அலை மோதும்போது சீடர் அழிந்து போவோம் என நடுங்கினர். புயல் அடங்கிய பின்னரோ மூலமாகிய கிரேக்கம் அவர்கள் 'பேரச்சம்' கொண்டதாகக் கூறுகின்றது. இடர் நீங்கிய பின் அச்சம் மிகுவானேன்? முன்னர் அஞ்சியது கடலுக்கு. பின்னர் அஞ்சியது கடலை அடக்கியவன் முன்னிலையில். அச்சத்தின் அளவினும் அதன் பொருளே மாறியது என்க.

இனி, 'சமாதானம்' என்னும் சொல்லை நோக்குவாம். எபிரேய மொழியிற் சாலோம் என்பது முழுமை, குறைவின்மை என்னும் அடிப்பொருளுடையது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் அதற்கும் அதனை ஒத்த கிரேக்கச் சொல்லுக்கும் சமாதானம் என்னும் வடசொல்லை ஆண்டனர். பவர் ஐயர் தலைமையில் திருத்தப் பெற்று 1871-இல் வெளிவந்த விவிலியம் இச்சொல்லைத் தமிழ்க் கிறித்தவர் நாவில் நிலைபெறச் செய்தது. வேதாந்த நூல்களில் இச்சொல் உள்ளம் ஒருமுகப்பட்டு நிற்றலைக் குறிக்கும். உலக வழக்கிற் பகைத்த இருவர் இணங்குதலைக் குறிக்கும். கடவுளுக்கும் மனிதனுக்கும் இடையே உறவு சீர்ப்படுதலே பவுல் அடிகள் கூறும் சமாதானமாதலின், உலக வழக்குப் பொருளே ஈண்டு மிகப் பொருந்துவதாயிற்று. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் 'அமைதி' என்னும் தமிழ்ச் சொல்லை விரும்பி ஆண்டுள்ளது. அமைதி என்பது உள்ளம் அடங்கி நிற்கும் நிலையை நன்கு காட்டும். இணக்கம் என்னும் பொருள் அதிற் சிறிது பின்னடைகின்றது. அச்சம் நீங்குதல் மனத்தின் நிலையா, உறவின் நிலையா என்னும் வினா இச்சொல் வேறுபாட்டிலேயே அடங்கியுள்ளது. பன்யன் வாழ்க்கை இவ்வினாவுக்கு விடை கூறும்.

அஞ்சிய உள்ளத்தின் வரலாறு

பன்யன் 1628-இல் பெட்போர்டு நகருக்கு அண்மையிலுள்ள எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் ஈயம் பூசி ஏனம் செப்பனிடும் தொழிலாளர் குடியிற் பிறந்தார். உரிமம் இன்றிச் சமயப் பேச்சு நிகழ்த்தினார் என 1660-இல் சிறைப்பட்டு, 1672 வரை பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிற் கழித்தார். பாவிகளுள் முதல்வனுக்கு அருள் பெருகிய வரலாறு என்னும் பொருள்படப் பெயரிட்டு 1666-இல் அவர் வெளியிட்ட தன்வரலாறு, அச்சத்தின் இயல்பை ஆராய்வார்க்குச் சிறந்ததோர் ஆவணம்.

தேவாலய மணி அடிப்பதில் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது. அது வீண் செயல் என மனம் உறுத்தவே அதனை விட்டார். ஆயினும் பிறர் அடிப்பதைக் காணச் செல்வார். மணி அறுந்து தம்மேல் விழுமோ என அஞ்சி ஒரு விட்டத்தின்கீழ் நின்றார். மணி சுவரில் மோதித் திரும்பித் தாக்குமோ எனப் பின்னர் அஞ்சி வாயிலுக்கு வந்தார். கோபுரமே சாயுமோ என்னும் எண்ணம் எழ, அங்கும் நில்லாது ஓடினார். நிற்கும் இடத்தை மாற்றுவதால் அச்சம் தீராது என்பதை இதனினும் எளிதாக விளக்குதல் அரிது.

இதனினும் ஆழ்ந்து நோக்கற்பாலது ஒன்றுண்டு. பன்யனை மிகவும் அச்சுறுத்தியது வேதமே. பிறப்புரிமையை விற்ற ஏசா பின்னர்க் கண்ணீரோடு தேடியும் பேறு பெறாமை பற்றி எபிரெயருக்கு எழுதிய திருமுகத்தின் பன்னிரண்டாம் அதிகாரம் கூறுகின்றது. தாமும் மீட்பரை விற்றுவிட்டதாக எண்ணி நெடுங்காலம் அவர் துன்புற்றார். அதே வேதத்தில், அருள் போதுமானது எனப் பவுலுக்கு உரைக்கப்பட்ட மறுமொழி (2 கொரிந்தியர் 12) அவரைத் தேற்றியது. இவ்விரு பகுதிகளும் தம் உள்ளத்தில் எதிரெதிர் நின்று பொருததாகவும், முடிவில் அச்சுறுத்தியது பின்வாங்க அருளுரை நின்றதாகவும் அவர் எழுதுகின்றார்.

வேதம் ஓதினால் அச்சம் தீரும் எனப் பொதுப்படக் கூறுவார் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தனித்த ஒரு தொடரைப் பற்றிக்கொண்டு அதனைத் தன்மேல் ஏற்றிக்கொள்ளும் உள்ளத்துக்கு வேதமும் மணிக்கூண்டு ஆகிவிடும். பன்யன் தெளிவு பெற்றது ஒரு தொடரை மற்றொரு தொடரால் வென்றதனால் மட்டும் அன்று. வயல்வழியே நடக்கும்பொழுது, தம் நீதி தம்மிடத்தில் இல்லை, விண்ணில் கிறிஸ்துவினிடத்தில் உள்ளது என்னும் உணர்வு அவருக்குப் பிறந்தது. தம் மனம் தெளிந்திருப்பதால் அந்நீதி மிகுவதும் இல்லை, கலங்கியிருப்பதால் குறைவதும் இல்லை என்று அவர் கண்டார். உள்ளத்தின் நிலைக்கு அப்பால் உள்ள உறவே சமாதானத்துக்கு அடிப்படை என்பது இதனாற் பெறப்படும்.

சிறையிலும் அச்சம் அவரை விட்டொழியவில்லை. பார்வையற்ற தம் மகளை நினைந்து உருகினார். தூக்கு மேடையில் நடுங்கி நம்பிக்கைக்கு இழுக்குத் தேடுவேனோ என அஞ்சினார். இறுதியில், ஆறுதல் கிடைப்பினும் கிடையாதொழியினும் கடவுளைப் பற்றி நிற்பதெனத் துணிந்தார். அமைதியுணர்ச்சியை முன்னிபந்தனையாகக் கேளாத இத்துணிவே அவர்தம் சமாதானத்தின் உறுதியைக் காட்டுவது.

யாத்திரிகன் கதையில் நால்வகை அச்சம்

பன்யன் தொல்காப்பியம் அறியார். எனினும் தொல்காப்பியர் கூறிய நான்கு நிலைக்களன்களும் அவர் கதையில் இடம்பெற்றிருத்தல் வியத்தற்குரியது. அப்பொல்லியோன் என்னும் அலகை வருத்தும் தெய்வத்தின்பாற்படும். வழியிலுள்ள சிங்கங்கள் விலங்கு. சிறுவிசுவாசி என்பானைக் கொள்ளையிட்டோர் கள்வர். அழிவின் நகர்மேல் வரவிருக்கும் தீர்ப்பு, இறையாகிய தலைவனிடத்துப் பிறக்கும் அச்சம். கதை தொடங்குவது இந்நான்காவதில். ஏனைய மூன்றும் வழியில் எதிர்ப்படுவன. இம்முறைவைப்புப் பொருளுடையது. சிலுவையருகே முதுகுச்சுமை கழன்று கல்லறையுட் புகுந்து மறைந்த பின், தலைவனைப் பற்றிய நடுக்கம் தீர்கின்றது. அதன் பின்னரே ஏனைய அச்சங்களை எதிர்கொள்ளும் வலிமை பிறக்கின்றது.

சிங்கங்கள் சங்கிலியாற் பிணிக்கப்பட்டவை. ஆனால் சங்கிலி கண்ணுக்குப் புலப்படவில்லை. பாதையின் நடுவே செல்வானை அவை தீண்டமாட்டா என வாயில் காப்போன் கூறும் சொல்லை நம்பி நடப்பதே ஆண்டு செய்யத்தக்கது. அவற்றைக் கண்டு அஞ்சித் திரும்பி ஓடிய இருவரும், நம்பி நடந்த யாத்திரிகனும் கண்ட காட்சி ஒன்றே.

அம்மாளிகையில் அவன் உறங்கிய அறையின் பெயர் சமாதானம். அதன் பலகணி ஞாயிறு எழும் திசை நோக்கியது. ஈண்டுக் கதை முடியவில்லை என்பது கருதத்தக்கது. அவ்வறையிலிருந்து புறப்பட்டவன் படைக்கலம் பூண்டு அப்பொல்லியோனோடு பொருது தலையிலும் கையிலும் காலிலும் புண்படுகின்றான். அதன் பின் மரண நிழலின் பள்ளத்தாக்கு வருகின்றது. பன்யன் சமாதானத்தைப் போர்க்குப் பின் பெறும் பரிசாக வையாது, போர்க்கு முன் பெறும் உறையுளாக வைத்தார்.

மரண நிழலின் பள்ளத்தாக்கில் ஒரு நுட்பம் உண்டு. அலகை ஒன்று பின்னிருந்து மெல்லப் பழிச்சொற்களை ஓதுகின்றது. யாத்திரிகன் அவற்றைத் தன் உள்ளத்தில் எழுந்தனவாகவே எண்ணி வருந்துகின்றான். அச்சத்தின் குரலைத் தன் குரலென மயங்குதலே அதன் கொடுமை. அப்பொழுது இருளின் முன்புறத்தே இருபத்துமூன்றாம் சங்கீதத்தை ஒருவன் சொல்லிச் செல்வது கேட்கின்றது. தன்னைப் போன்றே கடவுளுக்கு அஞ்சுவார் பிறரும் அவ்வழியில் உளர் என்பது முதல் ஆறுதல். அவரோடு இருக்கும் கடவுள் தன்னோடும் இருப்பார் என்பது அடுத்தது. வேதம் ஈண்டு ஏட்டிலிருந்து வாராது உடன் நடப்பான் வாயிலிருந்து வருகின்றது.

ஐயக்கோட்டையில் அவநம்பிக்கை என்னும் அரக்கன் இவனையும் தோழனையும் புதன் முதல் சனி வரை அடைத்து வைக்கின்றான். ஞாயிறு விடியுமுன் தன் மார்பிலேயே வாக்குறுதி என்னும் திறவுகோல் இருந்தமை நினைவுக்கு வருகின்றது. இறுதி ஆற்றில் அவன் மீண்டும் அஞ்சி மூழ்க, தோழன் வேத உரைகளைக் கூறித் தாங்குகின்றான். அச்சம் ஒருமுறை தீர்ந்தபின் மீளாது என்று பன்யன் யாண்டும் கூறவில்லை. 1684-இல் வந்த இரண்டாம் பகுதியில் அச்சமுடையான் என்றே பெயர் கொண்ட ஒருவனைப் படைத்து, சிங்கத்துக்கும் சந்தைக் கூட்டத்துக்கும் அஞ்சாத அவன் தான் ஏற்றுக்கொள்ளப்படுவேனோ என்று மட்டும் வாழ்நாளெல்லாம் நடுங்கியதாகக் காட்டினார். அவன் ஆற்றைக் கடந்த நாளில் நீர் என்றும் இல்லாத அளவு வற்றியிருந்ததாம். அஞ்சுவாரை இகழாத பரிவு இதனுள் விளங்குகின்றது.

இரட்சணிய யாத்திரிகத்தின் தனித்தன்மை

கிருஷ்ண பிள்ளை (1827–1900) திருநெல்வேலிப் பகுதியில் வைணவ வேளாளர் குடியிற் பிறந்து, கம்பராமாயணத்தில் தோய்ந்து, 1858-இல் கிறித்தவரானவர். ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்தாகப் பகுத்து அவர் தம் காப்பியத்தை யாத்தார். அவர் செய்த மாற்றங்களுள் இரண்டு நம் ஆய்வுக்கு இன்றியமையாதன.

முதலாவது, பன்யன் சிலுவையை வழியோரக் காட்சியாகச் சில சொற்களிற் காட்டினார். அவர்தம் வாசகர் அவ்வரலாற்றை முன்னரே அறிந்தவர். கிருஷ்ண பிள்ளையோ குமார பருவத்தில் இரட்சணிய சரிதத்தை விரித்துப் பாடி, மீட்பரின் பாடுகளைக் காப்பியத்தின் நெஞ்சகத்தே வைத்தார். அச்சம் தீர்க்கும் பொருள் ஒரு கோட்பாடாக நில்லாது, கண்ணீரோடு காணத்தக்க ஒருவரது துன்ப வரலாறாக விரிகின்றது. கெத்செமனேயில் கலங்கிய மீட்பரைக் கண்ட வாசகன், தன் கலக்கம் நம்பிக்கையின்மைக்குச் சான்றாகாது எனத் தெளிவான்.

இரண்டாவது, காப்பியத்தினிடையே அவர் அமைத்த தேவாரப் பதிகங்கள். அப்பரும் மாணிக்கவாசகரும் அச்சமின்மையைப் பாடிய மரபு தமிழுக்குரியது. திருவாசகத்து அச்சப்பத்து அஞ்சாதனவற்றை அடுக்கிச் சொல்லி, அன்பிலாரைக் காணவே அஞ்சும் என முடியும் போக்கினது. அன்பும் அச்சமும் எதிரெதிர் நிற்பவை என்னும் யோவான் கருத்துக்கு இது மிக அணித்தாக வருவது. இப்பாடல் மரபிற் பழகிய செவியினர்க்கு வேத வாக்குறுதியைப் பதிகமாக்கித் தந்தார் கிருஷ்ண பிள்ளை. பன்யனிடத்து வேதம் இருளிற் கேட்கும் குரல்; கிருஷ்ண பிள்ளையிடத்து அது கூடி இசைக்கும் பாட்டு.

முடிவுரை

மேற்கூறியவாற்றான் பெறப்படுவன மூன்று. கிறித்தவ சமாதானம் அச்சமே இல்லாத மனநிலை அன்று; அஞ்சத்தக்கது எது என்னும் தெளிவு. அது மனத்தின் ஏற்றத்தாழ்வைச் சாராது, சீர்ப்பட்ட உறவைச் சார்ந்து நிற்பது. வேதம் அதனைத் தருவது தனித்தொடர் மந்திரமாக அன்று. முழுவரலாறாகவும், உடன் நடப்பார் குரலாகவும், பாட்டாகவும் அமைந்து தருகின்றது. சமாதானம் என்னும் சொல்லின் இணக்கப் பொருளை 'அமைதி' என்னும் சொல் எவ்வளவு தாங்கவல்லது என்பதும், இரட்சணிய யாத்திரிகத் தேவாரம் சைவ வைணவத் திருமுறைகளின் அச்சம் பற்றிய பாடல்களோடு கொண்டுள்ள உறவும் இனி விரிவாக ஆராயத்தக்கன. மெய்ப்பாட்டியலைக் கிறித்தவக் காப்பியங்களுக்கு உரைகல்லாகக் கொள்ளும் முயற்சிக்கு இக்கட்டுரை ஒரு தொடக்கம்.