கணினிக்குள் ஒரு லயம்

பசறை, ஹாலிஎல, நமுனுகுலைப் பக்கத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் பழைய லயங்களில் நீளமாக ஒரே கூரை. அதன் கீழே வரிசையாகக் காம்பராக்கள். நடுச்சுவர் உண்டு, ஆனால் பல இடங்களில் அது கூரைவரை போவதில்லை. பக்கத்துக் காம்பராவில் பிள்ளை இருமினால் இங்கே கேட்கும். ஒன்றில் தீப்பிடித்தால் முழு லயத்துக்கும் ஆபத்து.

இன்றைய கணினிகளில் பலவும் இப்படித்தான் குடியிருக்கின்றன. ஒரே இயந்திரத்துக்குள் பத்து, இருபது மெய்நிகர் கணினிகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் முழு இயந்திரமும் தன்னுடையது என்றே நம்புகிறது. பங்கிட்டுக் கொடுப்பது ஹைப்பர்வைசர் எனும் மென்பொருள். ஐபிஎம் 1960களிலேயே இதைச் செய்துகாட்டியது.

இந்த மெய்நிகர் கணினிகளுக்கு நடுவே சுவரை எழுப்பிய விதம் எத்தனை முறை படித்தாலும் வியப்புத் தருவது. 2005இல் இன்டெல் தன் செயலிக்குள்ளேயே அதற்கு வழி செய்தது. உள்ளே ஓடும் கணினி தனக்கு உரிமையில்லாத கட்டளை ஒன்றை இட்டால், செயலி அதை அந்தக் கணமே நிறுத்தி ஹைப்பர்வைசரிடம் ஒப்படைக்கும். அது சரிபார்த்து, பொருத்தமான பதிலைக் கொடுத்து மீண்டும் ஓடவிடும். நின்று போனதே உள்ளிருப்பவருக்குத் தெரியாது. நினைவகமும் அப்படியே: உள்ளே சொல்லப்படும் முகவரி வேறு, உண்மையான இடம் வேறு. இரண்டையும் இணைக்கும் அட்டவணையை உள்ளிருப்பவர் பார்க்கவே முடியாது. அடுத்தவர் நினைவகத்தைத் தொட வேண்டுமானால், அதைக் குறிப்பிட ஒரு முகவரிகூட அவரிடம் இல்லை. பதுளை ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் தோட்டத்துப் பிள்ளை ஒருவர், வேர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு தன் மடிகணினியிலேயே இதைச் செய்துபார்க்கலாம்.

ஆனால் சுவரோடு மட்டும் வாழ முடியாது. வன்தட்டும் இணையமும் வேண்டும் என்றால் கேட்டு வாங்க வாசல் வேண்டும். உடைப்பு பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. 2015 மே மாதம் க்ரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஜேசன் கெஃப்னர் 'வெனம்' என்ற ஓட்டையை வெளியிட்டார். அது இருந்த இடம், அநேகமாக யாருமே பயன்படுத்தாத ஃப்ளாப்பி தட்டைப் போலிசெய்யும் நிரல். 2004 முதல் அங்கேயே கிடந்தது. அதற்குக் குறிப்பிட்ட விதத்தில் தரவை அனுப்பினால், ஒதுக்கிய இடம் நிரம்பி வழிந்து, உள்ளிருப்பவர் வெளியே வந்துவிடக்கூடும். ஃப்ளாப்பி வேண்டாம் என்று அணைத்து வைத்தாலும் சில அமைப்புகளில் அந்த நிரல் விழித்தே இருந்தது. அமேசான் 2018இல் வெளியிட்ட ஃபயர்கிராக்கர் என்ற மெய்நிகராக்க மென்பொருள் விரல்விட்டு எண்ணக்கூடிய சாதனங்களை மட்டுமே போலிசெய்கிறது. தேவையில்லாத வாசலே இல்லை. எனக்குச் சரியான வழியாகப் படுவது இதுதான்.

அதே 2018 ஜனவரியில் 'மெல்ட்டௌன்', 'ஸ்பெக்டர்' என்ற குறைகள் வெளியாயின. அவை வாசலைத் தொடவேயில்லை. செயலி வேகத்துக்காக முன்கூட்டியே செய்துவைக்கும் வேலை விட்டுச்செல்லும் நேர வேறுபாட்டை அளந்தே இரகசியத்தை ஊகிக்கலாம். சுவருக்கு மேலால் கேட்கும் சத்தம் அது.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, ஹைப்பர்வைசரையே நிர்வகிப்பவர் நுழையும் வாசல். 2023 பிப்ரவரியில் உலகெங்கும் விஎம்வேர் ஹைப்பர்வைசர்களைக் கப்பம் கேட்கும் மென்பொருள் தாக்கியது. பயன்பட்டதாகக் கருதப்பட்ட ஓட்டைக்குத் திருத்தம் 2021லேயே வந்திருந்தது. ஹைப்பர்வைசரே கைமாறினால், உள்ளே எத்தனை சுவர் இருந்தும் என்ன?

அதே ஆண்டு ஓகஸ்டில் இலங்கை அரசின் சொந்த மேகத்தளமான 'லங்கா கவர்மென்ட் கிளவுட்' இதேபோன்ற கப்பத் தாக்குதலுக்கு உள்ளானது. அங்கே ஹைப்பர்வைசர் உடைந்ததாகச் செய்தி இல்லை. காலாவதியான 2013ஆம் ஆண்டு மின்னஞ்சல் மென்பொருளே காரணமாகச் சொல்லப்பட்டது. ஆயினும் பாதிப்பு ஒரே கூரையின் பாதிப்புத்தான்: அமைச்சரவை அலுவலகத்தின் முகவரிகள் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் சிக்கின. சேவை விரைவில் மீண்டது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளவில்லை, ஏனெனில் அந்தக் காலத்துக்குத் தப்பிய பிரதி எதுவும் இல்லை. அதன் பிறகே, வலையமைப்பிலிருந்து துண்டித்து வைக்கும் பிரதியை நாள்தோறும் எடுக்க முடிவு செய்தார்கள்.