காரின் பிரேக் பழுதை அறிவது எப்படி?

“யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே” என்பது நம் முன்னோர் வாக்கு. காரின் பிரேக்கும் அப்படித்தான். பெரும்பாலும் அது திடீரென்று நம்மைக் கைவிடுவதில்லை. பல நாள்களுக்கு முன்பே மணி அடிக்கிறது. அதைக் காதில் வாங்காமல் இருப்பவர்கள் நாம்தாம். அந்த மணியோசைகள் யாவை என்பதை இன்றைய உரையில் காண்போம்.

நாம் பணியாற்றும் பள்ளி ஒரு செம்பனைத் தோட்டத்தில், மேட்டின் அடிவாரத்தில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நம்முடைய பழைய காரில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ‘கீச்’சென்று ஓர் ஒலி எழுந்தது. சம்பளம் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு மாதம் தள்ளிப்போட்டோம். அடுத்த மாதம் வேறு செலவு வந்தது. ஒரு நாள் காலை மேட்டிலிருந்து இறங்கும்போது, பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போயிற்று. வேகம் குறைந்ததே தவிர, வண்டி நிற்கவில்லை. கீழே பள்ளி வாசலில் பிள்ளைகள் கூட்டமாகச் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். கியரைக் குறைத்து, கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, சாலையோரம் குவித்திருந்த செம்பனைக் குலைகளின்மேல் மோதி வண்டியை நிறுத்தினோம். எவருக்கும் காயமில்லை. ஆனால் அன்று முழுவதும் வெண்கட்டி பிடித்த கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

பிரேக் எப்படி வேலை செய்கிறது? நாம் பெடலை மிதிக்கும்போது, குழாய்களில் நிறைந்திருக்கும் பிரேக் எண்ணெய் அழுத்தப்படுகிறது. அடைபட்ட நீர்மத்தின்மேல் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் என்ற பிரெஞ்சு அறிஞர் கண்டு சொன்னார். அந்த விதிதான் இங்கே வேலை செய்கிறது. அழுத்தம் சக்கரத்தை அடைந்து, பிரேக் கட்டைகளைச் சுழலும் இரும்புத் தட்டின்மேல் இறுக்குகிறது. பட்டறையில் இக்கட்டைகளைப் ‘பேட்’ என்பார்கள். உராய்வினால் வண்டி நிற்கிறது. ஒவ்வொரு முறை உராயும்போதும் கட்டை சிறிது தேய்கிறது. ஆகவே பிரேக் தேய்வது பழுதன்று. தேய்ந்த பின்னும் மாற்றாமல் இருப்பதே பழுது.

முதல் அறிகுறி ஒலி. இரவெல்லாம் மழையில் நின்ற காரில், காலையில் முதல் இரண்டு மூன்று முறை மிதிக்கும்போது மெல்லிய உராய்வொலி கேட்கலாம். தட்டில் படிந்த துரு அது, தானே போய்விடும். நாள்தோறும் விடாமல் ‘கீச்’சிட்டால் செய்தி வேறு. பல கார்களின் கட்டைகளில் ஒரு சிறு உலோகத் தகடு வைத்திருக்கிறார்கள். கட்டை தேய்ந்ததும் அத்தகடு தட்டில் பட்டு ஒலி எழுப்பும். அதையும் கேளாமல் விட்டால், பின்னர் ‘கரகர’ என்று இரும்போடு இரும்பு உராயும் ஓசை வரும். அப்போது தட்டும் கெட்டு, செலவு பெருகும். புதிய கட்டையின் கனம் சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும்.

இரண்டாவது அறிகுறியை நம் பாதம் உணரும். பெடல் பஞ்சுபோல் மெத்தென்றிருந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். இயந்திரத்தை ஓடவிட்டு, வண்டி நின்ற இடத்திலேயே பெடலை ஒரே சீராக அழுத்திப் பிடியுங்கள். அது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ எண்ணெய் கசிகிறது, அல்லது அழுத்தம் தரும் தலைமைச் சிலிண்டர் கெட்டிருக்கிறது. அந்த வண்டியைச் சாலைக்குக் கொண்டுபோகக் கூடாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்வோம். பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கமாக இழுத்தால், இரு பக்கச் சக்கரங்களிலும் பிரேக் சமமாகப் பிடிக்கவில்லை. பெடலோ ஸ்டியரிங்கோ அதிர்ந்தால், தட்டு சமமாக இல்லாமல் போயிருக்கலாம். சக்கரத்தருகே கருகிய நாற்றம் வந்தால் பிரேக் மிதமிஞ்சிச் சூடேறியிருக்கிறது. கைப்பிரேக்கை இறக்கிய பின்னும் சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே பட்டறைக்குச் சொல்லியனுப்புங்கள்.

பிரேக் எண்ணெயைப் பற்றி மக்கள் அதிகம் அறிவதில்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ‘டாட் 3’ வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். தாப்பாவுக்கும் கேமரன் மலைக்கும் இடையே உள்ள வளைவுச் சாலையில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடு ஏறி, பழைய எண்ணெய் கொதித்து ஆவியாகும். ஆவியை எளிதில் அமுக்கிவிடலாம். ஆகவே பெடல் இறங்கும், பிரேக் பிடிக்காது. இதனால்தான் மலையிறக்கத்தில் சிறிய கியரில் வரவேண்டும் என்கிறார்கள். நம் நாட்டின் ஈரக்காற்றில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்த எண்ணெயை மாற்றுவது நல்லது. இயந்திர எண்ணெயை இதில் ஊற்றவே கூடாது. ரப்பர் வளையங்கள் உப்பிக் கெட்டுவிடும்.

நம் காரில் என்னதான் நடந்தது? பட்டறையில் சக்கரத்தைக் கழற்றியபோது முன்கட்டைகள் இரும்புவரை தேய்ந்திருந்தன. பின்சக்கரத்தின் உட்புறம் எண்ணெய்க் கசிவால் ஈரமாக இருந்தது. கலத்தில் எண்ணெய் குறைந்ததைக் கண்டு, நாமே இரண்டு முறை ஊற்றி நிரப்பியிருந்தோம். ஏன் குறைகிறது என்று மட்டும் கேட்கவில்லை. எதற்கும் ‘ஏன்’ என்று கேளுங்கள் என வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லும் நாமே கேட்கத் தவறினோம்.

நேயர்களே, 36 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 10 மீட்டர் ஓடும். வேகம் இரட்டித்தால், நிறுத்தத் தேவையான தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். பேருந்து, லோரி முதலிய வணிக வாகனங்களுக்குச் சட்டப்படி தவணைப் பரிசோதனை உண்டு. சொந்தக் காருக்கு ஆண்டுதோறும் அப்படியில்லை. அதற்குப் பரிசோதகர் அதன் உரிமையாளரே.

ஒருவேளை ஓடும்போதே பிரேக் தளர்ந்துவிட்டால் பதறாதீர்கள். பெடலை வேகமாகப் பலமுறை மிதியுங்கள். கியரைக் குறையுங்கள். கைப்பிரேக்கை மெல்ல இழுங்கள். இயந்திரத்தை மட்டும் ஓட்டத்தில் நிறுத்திவிடாதீர்கள்.

இன்று மாலை வானொலியை அணைத்துவிட்டு, உங்கள் காரின் எண்ணெய்க் கலத்தை ஒருமுறை பாருங்கள். நாளைக் காலை புறப்படும்போது சன்னலை இறக்கி, பிரேக்கின் ஓசையைக் கேளுங்கள். சாலையைக் கடக்கும் பிள்ளைகள் நம் கார் நிற்கும் என்று நம்பித்தான் அடி எடுத்து வைக்கிறார்கள்.