நீர்வழி உலாவும் உயிர்ப் பாதுகாப்பும்

கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலில் ஒரு காலத்தில் நெல்லும் தேங்காயும் சுமந்து சென்றவை கெட்டுவள்ளங்கள். ஆணியின்றி, மரப்பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் இறுகக் கட்டி அமைக்கப்பட்டமையால் இப்பெயர் பெற்றன. சாலைப் போக்குவரத்து பெருகவே இவை வேலையிழந்தன. 1990-களில் மூங்கிலும் பாயும் கொண்டு கூரை வேய்ந்து, இவற்றைச் சுற்றுலாப் படகுகளாக மாற்றலாயினர். இன்று ஆலப்புழையிலும் குமரகத்திலும் ஒரு குடும்பம் தனக்கென ஒரு படகை முழுமையாக வாடகைக்கு அமர்த்திக்கொள்ள இயலும். படகோட்டி, சமையற்காரர், தச்சர் எனப் பலருக்கும் இதனால் பிழைப்புக் கிடைக்கிறது.

எனினும், இத்தொழிலின் அடித்தளம் பாதுகாப்பேயாகும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். 2023 மே 7 அன்று தானூரில், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். மேல்தளத்தில் கூட்டம் மிகுந்தால் படகின் ஈர்ப்பு மையம் உயர்கிறது; காட்சியைக் காண அனைவரும் ஒரே பக்கம் சாய்ந்தால் படகு நிலைகுலைகிறது.

1917-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக வந்த 2021-ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டம், படகுகளின் ஆய்வு, பதிவு, பணியாளர் தகுதிச் சான்று, காப்பீடு ஆகியவற்றை வலியுறுத்துகிறது. சட்டம் கரையிலேயே நின்றுவிடலாகாது. பதிவு எண், ஏற்றத்தக்க பயணிகளின் எண்ணிக்கை, ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி ஆகிய மூன்றையும் கண்ட பின்னரே பயணி படகில் கால்வைத்தல் வேண்டும். வேம்பநாடு 2002-ஆம் ஆண்டு முதல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் வரும் ஈரநிலம். கழிவை நீரில் கலவாமையும் படகுடைமையாளரின் கடமையே.